கைசருக்கு டை அடித்த கதை

மகனுக்கு,

தமிழில் எழுதியிருக்கிறேன் என்று முகத்தைச் சுளிக்காதே. உனக்கு மலையாளம் ஓடுகிற மாதிரி தமிழ் ஓடாது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். வாட்ஸாப்பில் நான் எது அனுப்பினாலும் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுகிறாய். இதை அப்படிப் படிக்க முடியாது. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் படித்தாலும் அதற்குள் முடித்துவிடலாம். எனக்கு உன்மேல் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் நீ அதையும் தள்ளிவிட்டுக் கடைசி வரிக்குப் போய்விடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சலூனில் நல்ல கூட்டம். ஒருவர் தலைக்கு டை பூசிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. புருஷனும் பெண்டாட்டியுமாக இறங்கினார்கள், எடப்பள்ளியிலிருந்து வருகிறார்களாம். அந்தப் பெண் கையில் புதுச் சிவப்பு பெல்ட், நாய்க் கழுத்தில் போடுவது. விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. "அண்ணாச்சி, ஜிம்மி எவிடே?" என்று கேட்டாள். ஜிம்மி வழக்கம்போல மூன்றாவது நாற்காலிக்கு அடியில், வெட்டி விழுந்த முடிக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நான் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஜிம்மியை எப்படித் தெரியும்?" என்றேன். போனை நீட்டினாள். நீ போட்ட விளம்பரம். அதில் ஒரு நாய். மூக்கைச் சுற்றிக் கருகருவென்று, கண் இரண்டும் பளபளவென்று, நாளைக்கே ஓட்டப் பந்தயத்துக்குப் போகிற மாதிரி. கீழே உன் அழகான மலையாளத்தில், ஆறு வயது, நல்ல ஆரோக்கியம், நன்றாகக் காவல் காக்கும் என்று எழுதியிருந்தாய். ஐந்து வருஷமாக என் காலடியில் கிடக்கிற நாயை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஜிம்மிக்குப் பதின்மூன்று வயது. முகம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துவிட்டது. இடது கண்ணில் பால் படர்ந்திருக்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் போனிலேயே அவன் முகத்தைக் கறுப்பாக்கி, வயதில் ஏழு வருஷத்தைக் கழித்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குக் காட்டியிருக்கிறாய். நான் உன் காக்கநாட்டு ஃபிளாட்டுக்கு வந்துவிட வேண்டும், அதற்கு ஜிம்மி இடைஞ்சல். போன மாதம் நீ சொன்னது அப்படியே காதில் நிற்கிறது: "அப்பா, அத யாருக்காச்சும் குடுத்துடுங்க. இன்னும் எத்தன நாள் இருக்கப் போகுது?" நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் போல.

வந்தவர்களிடம் என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று பன்னிரண்டு வருஷமாகப் பாக்கி கிடக்கிறது. சுரை விதைத்துவிட்டு அவரை முளைக்கவில்லையே என்று திட்டுகிறவன் நான் என்று நீ நினைத்தால், அது நியாயம்தான். இந்த வேலையை உனக்குக் கற்றுக்கொடுத்தது நானே.

கைசரை நீ மறந்திருக்க மாட்டாய். கொச்சங்காடியில் மிளகு வியாபாரம் பார்த்த ஒரு வீட்டுக்காரர் என் வாடிக்கை. ஒரு நாள் ஷேவுக்கு உட்கார்ந்தவர், வீட்டை விற்றுவிட்டு மகளோடு துபாய்க்குப் போகிறோம் என்றார். மட்டாஞ்சேரியில் யார் வீடு மாறினாலும் முதலில் தெரிவது சலூன்காரனுக்குத்தான். "நாய என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். கத்தி கழுத்தில் இருக்கும்போது யாரும் சுலபமாகப் பொய் சொல்வதில்லை. "கேட்டத் தொறந்து விட்டுட வேண்டியதுதான் அண்ணாச்சி, வேற எந்தா செய்யா?" என்றார். பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டு வாசலைக் காத்த நாய். அன்று சாயங்காலமே போய்க் கயிற்றைப் பிடித்துக் கூட்டிவந்தேன். நீ அப்போது பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தாய். பெரிய தலை, கறுத்த உடம்பு, முகவாய் மட்டும் வெள்ளை. உன் அம்மா பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைத் தோழனாட்டம் நிக்கான், ஆனா தாடி நரைச்சுப் போச்சே" என்றாள்.

நம் வீட்டில் அப்போது ஏற்கெனவே இரண்டு கிழட்டு நாய்கள் இருந்தன. மூன்றாவதுக்கு இடமில்லை, நம் வாடகை வீட்டுக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "குட்டி இருந்தா பறையணே அண்ணாச்சி." குட்டி வேண்டும், குட்டி வேண்டும், ஊரே குட்டி கேட்கிறது. இந்தக் குட்டிகளெல்லாம் வயதான பிறகு எங்கே போகும் என்று ஒருவனும் கேட்பதில்லை. ஒரு வங்கிக்காரர், "வயசான நாய எடுத்தா சீக்கிரம் செத்துப் போயிடும், நமக்கு மனசு தாங்காது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க மனசு தாங்காதுங்கறதுக்காக அது ரோட்டுல சாகணுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வேகத்தில் அவருடைய ஒரு பக்கக் கிருதா அரை அங்குலம் மேலே ஏறிவிட்டது. சரி செய்யப்போய் மறு பக்கமும் ஏறியது. அவர் பிறகு வரவே இல்லை.

அந்த எரிச்சலில்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. என் தொழில் என்ன? அறுபது வயதுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, அரை மணி நேரத்தில் நாற்பத்தைந்தாக எழுப்பி அனுப்புவது. பெண் பார்க்கப் போகிறவர், பேட்டிக்குப் போகிறவர், மகன் கல்யாணத்துக்குப் போகிறவர் என்று எத்தனை பேருக்குக் கறுப்பு பூசியிருக்கிறேன். மனிதனுக்குச் செய்வதை நாய்க்குச் செய்தால் என்ன தப்பு என்று நினைத்தேன். கைசரை முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டி, கிண்ணத்தில் டை கலக்கினேன். நீதான் தலையைப் பிடித்துக்கொண்டாய். நீ சிரித்த சிரிப்பு அடுத்த கடை வரைக்கும் கேட்டது. அவன் அசையவே இல்லை. நன்றாகப் பழகின வாடிக்கைக்காரர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இருபது நிமிஷம் கழித்துக் கழுவித் துடைத்ததும் நாமே வாயைப் பிளந்துவிட்டோம், ஐந்து வயதுக்குமேல் யாரும் சொல்லமாட்டார்கள். நீ போனில் படம் பிடித்தாய். "வயசு என்ன போடட்டும்பா?" என்று கேட்டாய். "அஞ்சுன்னு போடு" என்றேன். அதைச் சொல்லும்போது நான் யோசிக்கக்கூட இல்லை.

தேவராவிலிருந்து ஒருவர் வந்தார், கப்பல் கட்டும் இடத்தில் வேலை. அவர் வருகிற அன்று காலை, மூக்கோரத்தில் லேசாக வெள்ளை தெரிகிறதே என்று நான் இன்னொரு கோட் அடித்தேன். வேலையில் சுத்தம் பார்க்கிறவன் இல்லையா? அவர் கைசரைத் தடவிப் பார்த்தார், சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனார். நீ கொஞ்சம் அழுதாய். பிறகு லீவுக்குத் தென்காசி மாமா வீட்டுக்குப் பஸ் ஏறினாய். திரும்பி வந்து, "கைசர் எப்படிப்பா இருக்கான்?" என்று கேட்டபோது, "அவனுக்கென்ன ராஜா மாதிரி இருக்கான், மாடிப்படியில காத்து வாங்கிட்டுப் படுத்திருக்கான்" என்று சொன்னேன். அடுத்த வருஷம் கேட்டபோது, அவனுக்கு மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்றேன். நீ அதை உன் சிநேகிதர்களிடமெல்லாம் சொன்னாய். "எங்கப்பா வயசான நாய்க்கெல்லாம் வீடு பிடிச்சுக் குடுப்பாரு" என்று நீ பெருமையாகச் சொன்னதை நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அத்தனையும் பொய். நடந்ததை இப்போது சொல்கிறேன், படி.

நீ பஸ் ஏறின மறுநாள் அந்த மனிதரிடமிருந்து போன் வந்தது. கைசரின் உதடு வீங்கி, வாயோரம் வெடித்துப் புண்ணாகிவிட்டது, இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏதோ ஒட்டுவாரொட்டி வியாதி என்று பயந்து டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறார். டாக்டர் பல்லைப் பார்த்ததும், இதற்குப் பன்னிரண்டு வயதாவது இருக்கும், இதன் மூஞ்சியில் டை அடித்தது யார் என்று கேட்டிருக்கிறார். "நிங்ஙள் எந்து காரியமா செஞ்சது அண்ணாச்சி? நான் உங்களை நம்பியல்லே வந்தேன்?" என்று அவர் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மனிதர் அழுகிற குரலில் கேட்டார். திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று சொல்லி வைத்தார்.

கொண்டுவரவில்லை. வருகிற வழியில் வெலிங்டன் தீவில் கைசர் காருக்குள்ளேயே வாந்தி எடுத்திருக்கிறான். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் இறங்கி, குடோன்கள் இருக்கிற பக்கமாக நடந்து போய்விட்டானாம். கூப்பிட்டும் வரவில்லையாம். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல் அவனுக்கு ஐந்து நாள் பழக்கம், எப்படி வருவான்? அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. ஆனால் அவர் கேட்டது ஐந்து வயது நாய். நான் கொடுத்தது சாகப்போகிற கிழம். அதைத் தெரிந்து எடுத்திருந்தால் அவர் வேறு மாதிரி நடந்திருப்பாரோ என்னவோ. அந்த வாய்ப்பை அவருக்கு நான் கொடுக்கவே இல்லை.

மூன்று நாள் கடையை மூடினேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தீவில் ஒரு சந்து விடாமல் சுற்றினேன். குடோன் வாட்ச்மேன், லாரிக்காரர், சாயாக் கடைச் சேட்டன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். என்ன மாதிரி நாய் என்று அவர்கள் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கறுப்பு முகம் என்பதா, வெள்ளை முகம் என்பதா? மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு லாரிக்கு அடியில் அவனைப் பார்த்தேன். வாயைச் சுற்றித் தோல் உரிந்து, கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது முகம். என் கையை மோந்து பார்த்துவிட்டு வாலை ஒரே ஒரு தடவை தரையில் தட்டினான். அந்தக் கையில் அப்போதும் டை வாசனைதான் அடித்திருக்கும். மடியில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் திட்டியதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்: "மனுஷன் மீசைய நக்குவானா? நாய் நக்காதா? இது நாய்க்கு விஷம்னு தெரியாதா?" தெரியாது. முப்பது வருஷமாக அந்தக் கிண்ணத்தைக் கலக்குகிறவனுக்கு அது தெரியவில்லை.

அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தான். உன் அம்மா கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் ஊற்றினாள். நீ தென்காசியிலிருந்து திரும்புவதற்கு நான்கு நாள் முன்னால் போய்விட்டான். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் புதைத்தோம். நீ பத்து வருஷம் பல் தேய்த்த இடம் அது. "பிள்ளைகிட்ட உண்மையச் சொல்லிடுங்க, பெரியவனானா உங்களப் பாத்து அதையே செய்வான்" என்று உன் அம்மா சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். என்னைப் பெரிய ஆளாக நீ நினைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் சொன்னது போன ஞாயிற்றுக்கிழமை சிவப்பு பெல்ட்டோடு என் கடை வாசலில் வந்து நின்றது.

கைசருக்குப் பிறகு நான் ஒரு நாயின் வயதையும் குறைத்துச் சொன்னதில்லை. அதனால்தான் என்னிடமிருந்து நாய் போவது அபூர்வம். இது எனக்கு எரிச்சல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். உண்மையைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பத்தாவது ஆள் இருக்கிறாரே, அவர் திருப்பிக் கொண்டுவந்து விடுவதில்லை. கொச்சங்காடியில் ரிட்டயரான ஒரு டீச்சர், இரண்டு கண்ணும் தெரியாத பதினான்கு வயதுக் கிழவியை எடுத்துப் போனார். எல்லாவற்றையும் சொன்னேன், வீட்டுக்குள் ஒன்றுக்குப் போய்விடும் என்பது வரைக்கும். "அதுக்கென்ன, தொடச்சா போச்சு" என்றார். ஐந்தே மாதம்தான் அது இருந்தது. அழுது முடித்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்து, "இன்னொண்ணு உண்டோ அண்ணாச்சி, வயசானது?" என்று கேட்டார். அந்த மாதிரி ஆளைத் தேட வேண்டுமென்றால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். கறுப்பைப் பூசினால் கறுப்பு வேண்டுமென்கிறவன்தான் வருவான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தப் பெண் போனையும் ஜிம்மியையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது தன்னேயாணோ?" என்றாள். இதேதான் என்றேன். பதின்மூன்று வயது, காது கேட்காது, ஒரு கண் தெரியாது, ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை, மழை பெய்தால் எழுந்திருக்கவே மாட்டான், எல்லாவற்றையும் சொன்னேன். புருஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ ஆறு வயசுன்னு எழுதினது?" என்றார். "என் மகன் எழுதினான். எழுதக் கத்துக்குடுத்தது நான்" என்றேன். டை பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அந்தப் பெண் சங்கடப்பட்டாள். நான் சாயா சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றார்கள். போகும்போது பெல்ட்டை என் கையில் கொடுத்து, "இது அவனுக்குத்தான் வாங்கினது" என்றாள். ஜிம்மி கழுத்துக்கு அது ரொம்பப் பெரிது. நீ போட்ட படத்தைப் பார்த்து அளவு வாங்கியிருக்கிறாள்.

எனக்கு இதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. வெட்கம் என்றும் சொல்லலாம். பாலக்காட்டுச் சம்பந்தி புதன்கிழமை பேசினார். பேச்சோடு பேச்சாக, "உங்களுக்கு இன்னும் அறுபதுகூட ஆகலையாமே, மாப்பிள்ளை சொன்னார். சலூன் சும்மா பொழுதுபோக்காமே" என்றார். நான் "ஆமா, ஆமா" என்றேன். வேறென்ன சொல்வது? போனை வைத்த பிறகுதான் உன்னுடைய மெசேஜை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "அப்பா, கல்யாணத்துக்கு டை அடிச்சுட்டு வாங்க. போட்டோல நல்லா இருக்கணும்." ஆகா, என் மகன் எனக்கும் ஒரு விளம்பரம் எழுதிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நான் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாய் என்று முதலில் தோன்றியது. பிறகு, கைசருக்கு நான் டை கலக்கியபோது அவனைப் பார்த்து நான் வெட்கப்படவில்லையே என்று நினைத்தேன். அவனுக்கு எப்படியாவது ஒரு வீடு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்பில் செய்த பொய்தான். ஆனால் பொய் சொன்னவன் நான், புண்பட்ட வாய் அவனுடையது. கட்டிக்கப்போகிற பெண்ணிடமும் அவள் வீட்டாரிடமும் நீ எதைப் பூசி மறைத்தாலும், அது வெளுக்கிற அன்று வலிக்கப்போவது உனக்கில்லை, மறைக்கப்பட்டவருக்கு. கல்யாணப் பையனுக்கு இந்த ஒரு புத்திதான் என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. உன் ஃபிளாட் அசோசியேஷனில் நாயை விடமாட்டார்கள் என்று சொன்னாயே. பால் காய்ச்சிய அன்று கீழே வாட்ச்மேனிடம் நான் விசாரித்தேன். ஏழாவது மாடியில் இரண்டு நாய் இருக்கிறதாம், லிஃப்டில்தான் போய்வருகிறதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே, நான் பரிமாறுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடு. புதிதாகவும் எதுவும் எழுத வேண்டாம், ஜிம்மியை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. கல்யாணத்துக்கு நான் நிச்சயமாக வருவேன், டை அடிக்காமல் வருவேன், முதல் வரிசையில் நிற்பேன். நீ பாலக்காட்டுக்குப் போன் செய்து சம்பந்தியிடம் உன் வாயால் சொல்: அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. தலை முழுக்க நரை. வலது கை நடுங்குகிறது, போன தீபாவளியிலிருந்து கத்தி எடுப்பதில்லை, டை மட்டும்தான் பூசுகிறார். சலூன் பொழுதுபோக்கில்லை, அதில்தான் என்னைப் படிக்கவைத்தார். ராத்திரியில் இருமுவார். கோபம் வந்தால் கத்துவார். கூடவே பதின்மூன்று வயதில் ஒரு செவிட்டு நாய் உண்டு, அதை விட்டுவிட்டு வரமாட்டார்.

இத்தனையும் கேட்ட பிறகு, உனக்குப் பெண்டாட்டியாக வரப்போகிறவள் தன் வாயால் எங்களை வரச் சொல்லட்டும். சொன்னால் இரண்டு பேரும் வருகிறோம். சொல்லாவிட்டாலும் எனக்கு அவள்மேல் வருத்தம் இருக்காது. ஐந்து வயதென்று சொல்லி என்னை யார் தலையிலும் கட்டாதே.

அப்பா